புறக்கணி, ஒதுக்கு, விலக்கு, தள்ளிவை: எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எது?

தாரணி
எல்லோருக்கும் வணக்கம். சமூகப் பணியாளர்களுக்கான ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க மனிதர்களையும் பொருள்களையும் வேண்டுமென்றே விலக்குவது பற்றியது. அவாய்ட், ஷன், எஸ்ச்யூ, பாய்காட், ஆஸ்ட்ரசைஸ், பிளாக்பால், பரையா என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கையில் இருக்கும் அகராதிகளைப் புரட்டினால் பாதிக்கு மேல் ‘புறக்கணி’ என்றே போட்டிருக்கிறார்கள். ஒரே பக்கத்தில் தொழிலாளர்கள் ஒரு கம்பெனியின் பொருளைப் புறக்கணிக்கிறார்கள், கீழேயே ஊரார் ஒரு குடும்பத்தைப் புறக்கணிக்கிறார்கள். இரண்டும் ஒன்று என்று வாசிப்பவர் நினைத்துவிட்டால் கையேடு எழுதியதே வீண். எந்தச் சொல்லுக்கு எதை வைப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், காரணத்தோடு சொன்னால் இன்னும் நல்லது.

சேலம் செந்தில்
வணக்கம் தாரணி. பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவன், அந்த அளவில் சொல்கிறேன். சின்னச் சொற்களை முதலில் முடித்துவிடலாம். அவாய்ட் எதற்கும் பொருந்தும்: மழையில் நனைவதை, எண்ணெய்ப் பலகாரத்தை, எதிரே வரும் கடன்காரரை. ‘தவிர்’ போதும். ஷன் அப்படி இல்லை, அதில் வெறுப்போ அச்சமோ இருக்கிறது, ஒரு தடவையோடு நிற்காமல் தொடர்கிறது, பெரும்பாலும் மனிதரைப் பற்றியது. எஸ்ச்யூ புத்தகச் சொல், யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. கொள்கைக்காக ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து ஒன்றை விலக்கிக்கொள்வது, ஆடம்பரத்தை, வன்முறையை. மனிதரை எஸ்ச்யூ செய்தார் என்று மாணவன் எழுதினால் திருத்திவிடுவேன். அப்ஸ்டெய்ன் என்பது மது, மாமிசம், வாக்கெடுப்பு இவற்றிலிருந்து விலகி நிற்பது.

குறளின் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள், இந்த வேறுபாடுகள் தெளிவாகவே இருக்கின்றன. ‘புலால் மறுத்தல்’, ‘கள்ளுண்ணாமை’ இரண்டும் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வது, அதாவது எஸ்ச்யூவும் அப்ஸ்டெய்னும். ‘சிற்றினம் சேராமை’ அப்படியே ஷன். உண்ணாமை, சேராமை என்ற அந்த எதிர்மறை வடிவத்தைப் பயன்படுத்துங்கள், தமிழில் அது இயல்பாக உட்காரும்.

இன்னொன்று. கையேட்டில் வரி பற்றி ஏதாவது வந்தால் அவாய்டையும் இவேடையும் கலந்துவிடாதீர்கள். வரித் தவிர்ப்பு சட்டத்துக்குள் நின்று செய்வது, வரி ஏய்ப்பு குற்றம்.

தாரணி
நன்றி சார், சேராமை உடனே எடுத்துக்கொள்கிறேன். பெரிய சொற்களில்தான் சிக்கல். முதலில் பாய்காட்.

பழைய நாளிதழ்
பாய்காட்டுக்கு ஊர், தேதி, ஆள் மூன்றும் உண்டு, ஆகவே அதன் கதையைத் தெரிந்துகொண்டால் மொழிபெயர்ப்பு பாதி முடிந்த மாதிரி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டம், லாக் மாஸ்க் என்ற ஏரிக்கரை. எர்ன் பிரபு என்பவரின் நிலங்களுக்கு அங்கே காரியஸ்தராக இருந்தவர் சார்லஸ் கன்னிங்காம் பாய்காட். ஆங்கிலேயர், ஊரில் கேப்டன் என்பார்கள். 1870களின் கடைசியில் விளைச்சல் தொடர்ந்து பொய்த்தது. 1879இல் மைக்கேல் டேவிட் முன்னின்று நிலச் சங்கம் தொடங்கினார், அயர்லாந்து அரசியல்வாதி பார்னெல் அதற்குத் தலைவர். 1880இல் குத்தகைக்காரர்கள் குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்கச் சொன்னார்கள், பிரபு 10தான் குறைப்பேன் என்றார். அந்த செப்டம்பர் 19 அன்று என்னிஸ் என்ற ஊரில் பார்னெல் ஒரு கூட்டத்தில் பேசினார். இன்னொருவன் வெளியேற்றப்பட்ட நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவனை என்ன செய்வது என்று கேட்டார். கூட்டத்தில் யாரோ சுட்டுத் தள்ளு என்று கத்தினார்கள். அதைவிட நல்ல வழி இருக்கிறது, சாலையிலும் கடையிலும் சந்தையிலும் தேவாலயத்திலும்கூட அவனோடு பேசாதீர்கள், தனியே விட்டுவிடுங்கள் என்றார் பார்னெல்.

சில நாட்களிலேயே பாய்காட் வெளியேற்ற நோட்டீஸ்களைக் கொடுக்க ஆள் அனுப்பினார். ஊர் திரண்டது. பண்ணையாட்கள் நின்றுவிட்டார்கள், கொல்லர் லாடம் அடிக்கவில்லை, சலவைக்காரப் பெண் துணி எடுக்கவில்லை, தபால் கொண்டுவரும் பையன் வரவில்லை, பக்கத்து ஊரான பாலின்ரோபில் கடைக்காரர்கள் சாமான் தரவில்லை. அவர் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது. நவம்பரில் வடக்கிலிருந்து 50 ஆட்களை அறுவடைக்குக் கொண்டுவந்தார்கள், அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய ஆயிரம் படையினரும் போலீஸும். 500 பவுண்டு பெறுமானமுள்ள கிழங்கையும் தானியத்தையும் எடுக்க 10,000 பவுண்டு செலவு என்று அப்போதே கணக்குப் போட்டார்கள். டிசம்பர் தொடக்கத்தில் பாய்காட் குடும்பத்தோடு அயர்லாந்தை விட்டுப் போனார். அவரை யாரும் கைநீட்டி அடிக்கவில்லை.

சொல் பிறந்த விதமும் உங்களுக்கு உதவும். ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இதற்கு என்ன பேர் வைப்பது என்று உள்ளூர் பாதிரியார் ஜான் ஓ’மாலியிடம் யோசனை கேட்டார். ஆஸ்ட்ரசிசம் என்று எழுதலாமா என்றால், அது குடியானவர்களுக்குப் புரியாது என்றார் பாதிரியார். காரியஸ்தர் பேரையே வினைச்சொல்லாக்கிவிட்டால் என்ன என்று அவர்தான் சொன்னார். சில வாரங்களில் லண்டன் பத்திரிகைகள் அதை எழுத ஆரம்பித்துவிட்டன, பிறகு பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் போனது. படித்தவர்களின் பழைய கிரேக்கச் சொல் போதவில்லை என்றுதான் புதுச்சொல் வந்தது. அதனால் இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லில் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கோவை நித்யா
நல்ல பதிவு ஐயா. ஆனால் இதை வைத்து பாய்காட் என்றால் எளியவர்கள் வலியவர்களுக்கு எதிராகச் செய்வது என்று யாராவது விதி போட்டுவிடப் போகிறார்கள், அது சரிவராது. 1933 ஏப்ரல் 1 அன்று ஜெர்மனியில் நாஜிகள் யூதர் கடைகளுக்கு எதிராக நடத்தியதும் பாய்காட்தான். கடை வாசலில் சீருடைக்காரர்கள் நின்றுகொண்டு உள்ளே போகிறவர்களைத் தடுத்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையர் குடிமக்கள் மன்றங்கள் என்று இருந்தன, பிள்ளையை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க மனு கொடுத்த கறுப்பினத்தவருக்கு வேலை கிடையாது, கடன் கிடையாது, கடையில் சரக்கு கிடையாது. அதுவும் பாய்காட். அதே தென் மாநிலங்களில் மாண்ட்கோமரி நகரக் கறுப்பினத்தவர் பேருந்தில் ஏற மறுத்த போராட்டம் 1955 டிசம்பரில் தொடங்கியபோது மார்ட்டின் லூதர் கிங்குக்கே இந்தத் தயக்கம் வந்தது, அந்த வெள்ளையர் மன்றங்கள் செய்கிற அதே காரியத்தைத்தான் நாமும் செய்கிறோமா என்று. தீமையோடு ஒத்துழைக்க மறுப்பதுதான் நம் வேலை என்று அவர் தன் மனத்தில் தெளிவு செய்துகொண்டதை அவரே எழுதியிருக்கிறார். யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல் சொல்லாது. சுற்றியுள்ள வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

பழைய நாளிதழ்
ஒத்துக்கொள்ள வேண்டிய பேச்சு. ஆனால் அதிலேயே ஒரு பிடி இருக்கிறது பாருங்கள். மேயோவில் கோரிக்கை இருந்தது: குத்தகையைக் குறை. மாண்ட்கோமரியில் கோரிக்கை இருந்தது, 381 நாள் நடந்து, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, பேருந்தில் யாரும் எங்கேயும் உட்காரலாம் என்றானதும் முடித்துக்கொண்டார்கள். பார்னெல் சொன்னதைச் செய்த ஊராருக்கும் எதைக் கொடுத்தால் இது நிற்கும் என்று தெரியும், பாய்காட்டுக்கும் தெரியும். யூதக் கடைக்காரர் என்ன செய்தால் அது நின்றிருக்கும்? ஒன்றும் கிடையாது. அவர் அவராக இருப்பதே குற்றம். ஆகவே தாரணி, உங்கள் கையேட்டில் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எதைக் கேட்டு நடக்கிறது? விலக்கப்பட்டவர் எழுந்து வேறு பக்கம் போக வழி இருக்கிறதா? கோரிக்கையும் வழியும் இருந்தால் ‘புறக்கணிப்பு’. இரண்டும் இல்லையென்றால் ‘ஒதுக்கிவைத்தல்’, ‘விலக்கிவைத்தல்’. ஆங்கில மூலத்தில் எந்தச் சொல் இருந்தாலும் சரி.

பாய்காட் என்ற பேர் வருவதற்கு முன்பே காரியம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1791இல் அடிமை வாணிபத்தை ஒழிக்கும் மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றதும் மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையை வாங்க மாட்டோம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிறுத்தின. அப்போது அவர்கள் சொன்னது அப்ஸ்டெய்ன். செந்தில் சார் சொன்ன அதே நோன்புச் சொல்.

வடமராட்சி
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் புறக்கணிப்பைவிடப் பகிஷ்கரிப்புத்தான் அன்றாடச் சொல். ஆஸ்பத்திரி ஊழியர் வேலைநிறுத்தம் செய்தால்கூடப் பேப்பரில் ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்று வரும், மாணவர் செய்தால் ‘வகுப்புப் பகிஷ்கரிப்பு’. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். 1931இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பின் கீழ் நடந்த முதல் தேர்தலை யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது, முழுச் சுயராச்சியம் இல்லாத அரசியலமைப்பு எங்களுக்கு வேண்டாம் என்று. வடக்கில் நாலு தொகுதிகளில் ஒருவரும் வேட்புமனு போடவில்லை, அந்த ஆசனங்கள் 1934 வரைக்கும் வெறுமையாகவே கிடந்தன. அந்தப் பகிஷ்கரிப்புச் சரியா பிழையா என்று இன்றைக்கும் வாதாடுகிறோம், பேசவேண்டிய இடத்தில் ஆளில்லாமல் போனது எங்களுக்கே பாதகம் என்பது என் எண்ணம். அது வேறு கதை. தாரணி அக்கா, நான் சொல்ல வந்தது, எங்கள் காதில் பகிஷ்கரிப்பு என்றால் அது நாங்கள் ஒன்றுக்குப் போகாமல் இருப்பது. ஆளைத் தள்ளிவைப்பது என்ற கருத்து அதில் வராது. கையேடு இலங்கைக்கும் வரும் என்றால் இதையும் கவனத்தில் எடுங்கள்.

கோவை நித்யா
தமிழ்நாட்டிலும் சுதந்திரப் போராட்டக் காலப் பேப்பர்களில் ‘பகிஷ்காரம்’தான். அந்நியத் துணி பகிஷ்காரம், 1928இல் சைமன் கமிஷன் பகிஷ்காரம். ஆனால் மராத்தியில் அதே வேர் வேறு பக்கம் போயிற்று. அம்பேத்கர் 1927இல் தொடங்கிய பத்திரிகை ‘பஹிஷ்க்ருத் பாரத்’, வெளியே தள்ளப்பட்டவர்களின் பாரதம். ஒரு ஊரில் போராட்டம், இன்னொரு ஊரில் தீண்டாமை.

தாரணி
இது மிக உதவியாக இருக்கிறது. இலங்கைக்கும் போகும், ஆகவே தொழிலாளர் பகுதியில் புறக்கணிப்பு, அடைப்புக்குறியில் பகிஷ்கரிப்பு என்று ஒருமுறை கொடுத்துவிடலாம். ஆஸ்ட்ரசைஸ் பற்றி யாராவது?

சேலம் செந்தில்
ஏதென்ஸ் கதை. ஆஸ்ட்ரகான் என்றால் உடைந்த மண்பானை ஓடு. வருடத்துக்கு ஒருமுறை, இந்த ஆண்டு யாரையாவது வெளியேற்ற வேண்டுமா என்று மக்கள் சபையில் கேட்பார்கள். வேண்டும் என்று முடிவானால் இன்னொரு நாள் குறித்து, ஆளுக்கு ஓர் ஓட்டில் ஒரு பேரைக் கீறிப் போடுவார்கள். 6000 ஓடு சேர வேண்டும். அதிகம் பேர் எழுதிய ஆள் பத்து நாளில் ஊரை விட்டுப் போய்ப் பத்து வருடம் வெளியே இருக்க வேண்டும். சொத்து அவருடையதே, குடியுரிமையும் போகாது, திரும்பி வந்தால் பழைய மரியாதை. முதல் ஆள் போனது பொது ஆண்டுக்கு முன் 487இல். அந்த ஓடுகள் ஆயிரக்கணக்கில் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. அக்ரோபோலிஸ் சரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோகிளிஸ் என்ற ஏதென்ஸ் தலைவரின் பேர் எழுதிய 190 ஓடுகள் கிடைத்தன, கையெழுத்தைப் பார்த்தால் பதினான்கு பேர்தான் அத்தனையையும் எழுதியிருக்கிறார்கள். யாரோ முன்கூட்டியே எழுதிவைத்து விநியோகித்திருக்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் ஊகம்.

புளூடார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் சொல்லும் கதை ஒன்று உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், பக்கத்தில் நின்றவர் அரிஸ்டைடிஸ் என்ற ஏதென்ஸ் தலைவர் என்று தெரியாமலே அவரிடம் ஓட்டை நீட்டி, இதில் அரிஸ்டைடிஸ் என்று எழுதிக் கொடுங்கள் என்றாராம். அவர் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார் என்று கேட்டால், ஒன்றும் இல்லை, எங்கே போனாலும் அவரை நேர்மையாளர் நேர்மையாளர் என்று சொல்லக் கேட்டு அலுத்துவிட்டது என்றாராம். அரிஸ்டைடிஸ் தன் பேரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆக மூலத்தில் இது பெரிய மனிதர்களுக்கு ஊரே சேர்ந்து வைத்த தடுப்பு. இன்றைய ஆங்கிலத்தில் அந்த வாக்கெடுப்பும் கெடுவும் போய், கூட்டம் ஓர் ஆளை வெளியே தள்ளுவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘ஒதுக்கிவைத்தல்’ சரி.

வைகைக்கரை
ஒதுக்கிவைத்தல் என்று நூலில் படிப்பதும் பக்கத்தில் நின்று பார்ப்பதும் வேறு. நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் ஊரில் ஒரு வீட்டை ஊர் விலக்கு வைத்தார்கள். அந்த வீட்டுப் பெண் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டது காரணம். அந்த வருஷம் திருவிழாவுக்கு அவர்களிடம் தலைக்கட்டு வரி வாங்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு, வரி மிச்சம்தானே என்று தோன்றும். வரிப் பட்டியலில் பேர் இல்லையென்றால் ஊரில் அந்த வீடே இல்லை என்று அர்த்தம்.

மாவு மில்லில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த அம்மா அரிசித் தூக்குவாளியை வரிசையில் வைத்தார். வாளிகள் ஒவ்வொன்றாக அரைபட்டுப் போயின, பின்னால் வந்ததெல்லாம் முன்னால் போயிற்று, அவர் வாளி வைத்த இடத்திலேயே இருந்தது. மில்காரர் போ என்று சொல்லவில்லை, கரண்ட் இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை. நாங்கள் எல்லோரும் பெல்ட் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாளியின் விளிம்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். கடைசியில் ஊர்க்கூட்டத்தில் விழுந்து கும்பிட்டு அபராதம் கட்டிய பிறகுதான் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள், மகள் வீட்டுக்கு வரக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பழைய நாளிதழ் ஐயா கோரிக்கை இருந்தால் புறக்கணிப்பு என்றார். இங்கேயும் கோரிக்கை இருந்ததே, மகளைக் கைவிடு என்று. அதனால் அந்த விதியைக் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்துங்கள். ஒருவரின் தண்ணீரையும் சாப்பாட்டையும் பேச்சுத் துணையையும் பிடித்துவைத்துக்கொண்டு கேட்பதைக் கோரிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய நாளிதழ்
நீங்கள் சொல்வது சரி அம்மா. உயிர் வாழத் தேவையானதைத் தடுப்பது என்பதைத்தான் முதல் கேள்வியாக வைக்க வேண்டும்.

மஞ்சரி
மனநலத் துறையில் இருக்கிறேன். கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்தவர். பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது அறிமுகமில்லாத இருவர் அவரோடு ஒரு தட்டு எறிந்து விளையாடிவிட்டு, திடீரென்று தங்களுக்குள் மட்டும் எறிந்துகொள்ள ஆரம்பித்தார்களாம். அதிலிருந்து பிறந்தது ‘சைபர்பால்’ சோதனை: கணினித் திரையில் மூவர் பந்து எறிவார்கள், கொஞ்ச நேரத்தில் உங்களுக்குப் பந்து வராது. முன்பின் தெரியாதவர்கள், காசு பணம் இல்லை, சில நிமிட விளையாட்டு, அதற்கே மனிதர்கள் வாடிப்போகிறார்கள். எதிரே இருப்பது வெறும் கணினி நிரல் என்று தெரிந்தாலும் வலிக்கிறது. இப்போது இளைஞர்கள் கோஸ்டிங் என்கிறார்களே, விளக்கம் எதுவும் சொல்லாமல் தொடர்பை அறுத்துவிடுவது, அதிலும் இதே வலிதான். வைகைக்கரை சொன்ன மில்காரர் திட்டியிருந்தால்கூட அந்த அம்மா ஓர் ஆளாக இருந்திருப்பார்.

அட்லாண்டா குமரன்
பேசாமலே ஒருவரை அழிக்கப் பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் ‘கவென்ட்ரிக்கு அனுப்புவது’ என்பார்கள். கவென்ட்ரி இங்கிலாந்தில் ஓர் ஊர், ஏன் அந்த ஊர் என்பதில் பல கதைகள், 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் கைதிகளை அங்கே அனுப்பினார்கள், ஊரார் முகம் கொடுக்கவில்லை என்பது ஒன்று. பிரிட்டிஷ் ஆலைகளில் வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போனவர்களை இப்படிச் செய்வார்கள்.

அமெரிக்க ராணுவத்தில் இதற்கு ‘சைலன்ஸ்’ என்றே பேர். பெஞ்சமின் ஓ. டேவிஸ் ஜூனியர் 1932இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்த கறுப்பின மாணவர். நான்கு வருடமும் சக மாணவர்கள் கடமைக்கு வெளியே அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தனி அறை, உணவு மேசையிலும் தனிமை. அவர் கிளம்பிப் போய்விட வேண்டும் என்பதுதான் நோக்கம். போகவில்லை. 1936இல் 276 பேரில் 35ஆவதாகத் தேறினார், பின்னால் டஸ்கீகி என்று பேர் பெற்ற கறுப்பின விமானப் படையினருக்குத் தலைமை தாங்கினார், அமெரிக்க விமானப் படையின் முதல் கறுப்பின ஜெனரல் ஆனார். இதைத் ‘புறக்கணித்தார்கள்’ என்று எழுதினால் கட்சி ஒன்று கூட்டத்தைப் புறக்கணித்த மாதிரி இருக்கும். ‘நான்கு வருடம் ஒருவரும் அவரோடு பேசவில்லை’ என்று எழுதுங்கள், போதும்.

பிளாக்பால் எளிது. லண்டன் கிளப்புகளில் புது உறுப்பினரைச் சேர்க்க மூடிய பெட்டியில் வெள்ளை அல்லது கறுப்பு உருண்டை போடுவார்கள், பல கிளப்புகளில் ஒரே கறுப்பு உருண்டை விழுந்தாலும் கதவு சாத்தப்படும், யார் போட்டது என்று தெரியாது. ‘சேர்க்க மறுத்தார்கள்’.

அப்புறம் ஷன் என்பது இங்கே பென்சில்வேனியாவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடம் ஒரு மத நடைமுறை. 1693இல் அவர்களின் முன்னோடி யாகோப் அம்மான் சுவிஸ் மென்னோனைட்டுகள் என்ற பழைய பிரிவினரிடமிருந்து பிரிந்ததற்கே அது முக்கியக் காரணம். விலக்கப்பட்டவர் அதே வீட்டில் இருக்கலாம், ஆனால் தனி மேசையில் சாப்பிட வேண்டும், அவர் கையிலிருந்து எதையும் வாங்க மாட்டார்கள். திருந்தி வந்தால் சேர்த்துக்கொள்வார்கள்.

பறை முழக்கம்
எல்லோரும் ஒரு சொல்லைச் சுற்றிப் போகிறீர்கள், நான் நேராகவே வருகிறேன். பரையா. ஆங்கில அகராதியில் ‘எல்லோராலும் வெறுத்து ஒதுக்கப்பட்டவர்’ என்று பொருள். அது நம் ஊர்ச் சொல், என் சமூகத்தின் பேர். போர்ச்சுக்கீசியர், ஆங்கிலேயர் எழுத்துகளில் 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு இலக்கியம் அதை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோயிற்று. பிறகு தெருநாய்க்கு அந்தப் பேர், பருந்துக்கு அந்தப் பேர், இன்று உலக அரசியலில் பிடிக்காத நாட்டுக்கும் அதே பேர்.

பறை என்றால் முரசு, சொல்லுதல் என்றும் பொருள். புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கு குடிகளைப் பெருமையாகச் சொல்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கியபோது ‘பறையன்’ என்றே பேர் வைத்தார், தலைநிமிர்ந்து. வேறு வழியில் போனவர்களும் உண்டு. எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் 1922இல் அரசு ‘ஆதி திராவிடர்’ என்ற பேரை ஏற்றது. அந்தப் பேரைத் தாங்குவதா மாற்றுவதா என்பது எங்களுக்குள் நாங்கள் பேசித் தீர்க்கும் விஷயம். வெளியே இருப்பவர்கள் அதைத் திட்டாகப் பயன்படுத்துவது வேறு. ஆங்கிலத்தில் எழுதுகிற தமிழர்கள்கூட யோசிக்காமல் எழுதுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

தாரணி, உங்கள் கையேட்டில் அது எந்த அர்த்தத்தில் வந்தாலும் தமிழ் எழுத்தில் அப்படியே போடாதீர்கள். அடைப்புக்குறியில்கூட வேண்டாம். தீண்டாமையைப் பற்றிப் பேசப்போகிற சமூகப் பணியாளர் கையில் அந்தச் சொல் வசவாகப் போய்ச் சேரக் கூடாது.

தாரணி
கண்டிப்பாகப் போட மாட்டேன். மூலத்தில் ஒரு நாட்டைப் பற்றி வருகிறது. ‘உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு’ என்று எழுதுகிறேன். மூல ஆசிரியருக்கும் எழுதி, ஆங்கிலப் பதிப்பில் அவுட்காஸ்ட் என்று மாற்றக் கேட்கிறேன், இந்தச் சொல்லின் வரலாற்றையும் சேர்த்து.

பறை முழக்கம்
நன்றி. அந்தக் கடிதத்தை அனுப்பும் முன் காட்டுங்கள், கூடவே பேர் போட நாங்கள் சிலர் தயாராக இருக்கிறோம்.

மதுரை வழக்கறிஞர்
தாமதமாக வருகிறேன். சட்டத்தில் இந்தச் சொற்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் கையேட்டை அச்சுக்கு அனுப்பாதீர்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ‘சோஷியல் பாய்காட்’, ‘எகனாமிக் பாய்காட்’ இரண்டையும் வரையறை கொடுத்துச் சேர்த்தார்கள். வழக்கமாகக் கொடுத்துவந்த சேவையை மறுப்பது, வேலை தர மறுப்பது, வணிகம் செய்ய மறுப்பது எல்லாம் அதில் வரும், மிரட்டினாலே குற்றம். இந்தச் சிந்தனை புதிதல்ல. பர்மாவில் 1922இல் பாய்காட்டுக்கு எதிராக ஒரு சட்டம் இருந்தது, அதை எடுத்துக்காட்டி இதைக் குற்றமாக்க வேண்டும் என்று அம்பேத்கர் வட்டமேசை மாநாட்டுக் காலத்திலேயே கேட்டார்.

வைகைக்கரை சொன்ன குடும்பம் எந்தச் சாதி என்பதைப் பொறுத்து வழக்கு மாறிவிடும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லையென்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. மகாராஷ்டிரத்தில் சாதிப் பஞ்சாயத்துகளின் விலக்குக்கு எதிராகத் தனிச் சட்டமே 2016இல் நிறைவேறி 2017இல் நடைமுறைக்கு வந்தது, மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை, மிரட்டல், வழிமறிப்பு போன்ற பொதுவான பிரிவுகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தாரணி
அப்படியானால் ஊர் விலக்கு என்று எழுதுவதா, சமூகப் புறக்கணிப்பு என்று எழுதுவதா சார்? மேலே எல்லோரும் சொன்னதைப் பார்த்தால் ஊர் விலக்குதான் நெஞ்சில் படுகிறது. கையேட்டின் கடைசியில் புகார் மனு மாதிரி ஒன்றும் இருக்கிறது.

வைகைக்கரை
பாடத்தில் ஊர் விலக்கு என்றே எழுதும்மா. அனுபவித்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் தெரியும், விளக்கவே வேண்டாம்.

மதுரை வழக்கறிஞர்
பாடத்தில் ஊர் விலக்கு என்றே இருக்கட்டும். மனு மாதிரியில் மட்டும் சட்டத்தின் சொல்லான ‘சமூகப் புறக்கணிப்பு’ கட்டாயம் வர வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டேஷனில் ஊர்ச் சண்டை என்று எழுதி மூடிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்குக் கீழேயே இடம் விட்டு வையுங்கள்: யார், எந்தத் தேதியில், எதைத் தர மறுத்தார், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள். மில்காரர் பார்க்கவில்லை என்பதை எழுத முடியாது. அன்றைக்கு இத்தனை பேருக்கு அரைத்துக் கொடுத்தார், இவருக்கு அரைக்கவில்லை என்று எழுதலாம். வரிசையில் நின்றவர்களில் ஒருவராவது சாட்சி சொல்ல வர வேண்டும், அதற்கு ஆள் தேடுவது எப்படி என்று கையேட்டில் இரண்டு பக்கம் சேர்க்க முடியுமானால் சேருங்கள், நான் எழுதித் தருகிறேன்.